2520: ராமானுஜன் கண்டுபிடித்த 'விசித்திர எண்'ணா?

வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி இது: 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520; அதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன்; ரகசியம் 7 × 30 × 12, அதாவது வாரத்தின் நாட்கள் × மாதத்தின் நாட்கள் × ஆண்டின் மாதங்கள்.

வகுபடுவது உண்மை. 'ஒரே எண்' என்பது பொய். 5040, 7560 என 2520-இன் மடங்குகள் எல்லாமே அப்படி வகுபடும். 2520 அவற்றில் மிகச் சிறியது, அவ்வளவுதான். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு! 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கினால் 2520 வந்துவிடும். 2, 3, 4, 6, 10 எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். 1 முதல் 20 வரை வேண்டுமென்றால் 23,27,92,560. இத்தகைய எண்ணைக் காணும் வழியை பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்.

வாரம், மாதம், ஆண்டு என்ற பெருக்கலும் தற்செயல்தான். எல்லா மாதத்துக்கும் 30 நாளா என்ன?

ராமானுஜனுக்கும் 2520-க்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 48 வகுத்திகளுடன் 2520 அந்த வரிசையில் ஓர் எண். அவர் தந்த பட்டியல் 6746328388800 வரை நீள்கிறது. அதற்கு வகுத்திகள் 10,080. ஃபார்வர்டு செய்வதானால் இதைச் செய்யலாம்.