வெறிச்சோடிய சதுக்கமும் ஒரு கைக்கடிகாரமும்

அரசியல் மாற்றக் காலத்தில் ஒரு நகரத்தைப் படமெடுப்பவர் கூட்டம் திரளும் இடத்தைத்தான் தேடிச் செல்ல வேண்டும் என்று நான் படித்த ஒளிப்படக்கலைக் கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த ராணுவக் கூட்டணியின் படைகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகரான பிராக் நகருக்குள் நுழைந்தபோது செக் ஒளிப்படக் கலைஞர் யோசப் கோடெல்கா எடுத்த படங்களில் டாங்கிகளும் அவற்றைச் சூழ்ந்து நின்ற மக்களும் ஏராளம். ஆயினும் என் நினைவில் நிலைத்திருப்பது, முன்னால் நீட்டப்பட்ட ஒரு கையும், அதில் கட்டிய கடிகாரமும், அதற்கப்பால் ஆளரவமின்றிக் கிடக்கும் அந்நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கமும்தான். எந்த இடம், எந்த நேரம், அங்கே யார் இல்லை என்பதை அந்த ஒரே படம் சொல்லிவிடுகிறது.

படமெடுப்பவருக்கு நேரும் ஆபத்தைக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்துவிட்டதைக் குறை என்றே சொல்வேன். ரகசியமாக நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்ட அப்படங்கள் 1969-இல் எடுத்தவர் பெயரின்றியே வெளியாயின. துணிச்சலான செய்தி ஒளிப்படப் பணிக்கு வழங்கப்படும் ராபர்ட் காப்பா தங்கப் பதக்கமும் பெயர் குறிப்பிடப்படாத செக் ஒளிப்படக் கலைஞர் ஒருவருக்கு என்றுதான் வழங்கப்பட்டது. 1970-இல் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரும், உள்ளே இருந்த குடும்பத்தாரை எண்ணி, 1984 வரை கோடெல்கா அப்படங்களுக்கு வெளிப்படையாக உரிமை கோரவில்லை. படத்தில் முகம் தெரிய நின்றவர்களுக்கோ அப்படி ஒளிந்துகொள்ள வழியே இருக்கவில்லை. அவர்களைப் பற்றியும் கட்டுரையாளர் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.