மாடியில் காற்று, வாசலில் புழுக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு அகலம் பன்னிரண்டு அடி. வீடுகள் முப்பது அடி உயரம். மத்தியானம் கடல் காற்று ஏறியதும் மொட்டை மாடியில் லுங்கிக்கு கிளிப் போடாவிட்டால், பக்கத்து வீட்டில் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அதே நேரம் கீழே வாசல்படியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் பார்த்தேன். புகை நேராக நின்றது. ஆளுயரம் போய்ச் சோம்பலாகச் சுருண்டு, எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

நகரக் காற்றோட்டத்தை ஆராய்கிறவர்களிடம் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வீட்டு உயரத்தைத் தெரு அகலத்தால் வகுக்க வேண்டும். விடை 0.7 அளவைத் தாண்டினால், குறுக்கே வீசும் காற்று தெருவில் இறங்காது. மாடிகளைத் தடவிக்கொண்டு போய்விடும். எங்கள் தெருவுக்கு விடை இரண்டரை! அப்புறம் எங்கோ திறந்தவெளியில் கருவி வைத்து அளந்து, ‘வடசென்னையில் காற்று இன்று பரவாயில்லை’ என்றால் எந்த வாசலுக்குப் பரவாயில்லை?

2001-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 120 கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்தி, அதையே ஊராக வைத்துக்கொண்டு வாயுவைத் திறந்துவிட்டு அளந்தார்கள். (கன்டெய்னருக்குப் பாலைவனம் வரை போயிருக்க வேண்டாம், எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்திருக்கலாம்.) காற்று சாய்வாக வீசியபோது வாயு காற்றின் திசையிலேயே போகவில்லை, வரிசைகளுக்கு நடுவே இருந்த சந்துகளின் பக்கம் ஒதுங்கிப் போனது. கணினி சிமுலேஷன் சரியாக வருகிறதா என்று பார்க்க இன்றும் அந்த அளவுகளை எடுத்து வைத்து ஒப்பிடுகிறார்கள்.

இதை நான் தேடிப் படித்ததே 2023 டிசம்பர் 26-க்குப் பிறகுதான். அன்று நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சித்தி போன் செய்து, “கண்ணெல்லாம் எரியுதுடா, எந்தப் பக்கம் ஓடறது?” என்றார். “மேற்கே போங்க, கடலை விட்டுத் தள்ளிப் போங்க” என்றேன். கடலிலிருந்து வரும் காற்றும் மேற்கேதான் போகும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மோனியா லேசானது, மேலே போய்விடும் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். குளிர்ந்து ஈரத்தோடு கலந்து வந்தால் அதுவும் தரையோடு தவழும்.

தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர்.-எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டடப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், மாதிரிகளின் மீது காற்றை வீசிப் பார்க்கும் பெரிய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கட்டடத்தின் மீது காற்று எவ்வளவு அழுத்தமாக மோதுகிறது என்று அங்கே அளக்கிறார்கள். நல்லது. அந்தச் சுரங்கத்துக்குள் ஒருநாள் எண்ணூர்க் குப்பங்களையும் எங்கள் தெருவையும் மர பொம்மைகளாகச் செய்து நிறுத்துங்கள். வாடைக்கு ஒன்று, மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு ஒன்று, கடல் காற்றுக்கு ஒன்று என்று புகையை விட்டுப் பாருங்கள். எந்தக் காற்றுக்கு எந்தச் சந்து வழியாக வெளியேற வேண்டும் என்று ரேஷன் கடைச் சுவரில் படம் வரைந்து ஒட்டுங்கள். ஆலையை மூடச் சொல்லும் சண்டை தனி, அதையும் விடப்போவதில்லை.

சித்தி அன்று என் பேச்சைக் கேட்கவில்லை. சித்தப்பா கோயில் கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, எல்லாரையும் கரையோடு வடக்கே கூட்டிப் போய்விட்டார்.