யார் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

போன வருடம் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு என் மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். வாசலில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே நோட்டு, பேனா, ஊட்டச்சத்து பானப் பொடி ஒரு பாக்கெட். முதலில் பேசிய பேராசிரியர், வளரும் பிள்ளைகளுக்கு அப்படியொரு பானம் ஏன் வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார்கள். அந்தப் பொடியைத் தயாரிக்கும் கம்பெனிக்கு அவர் சம்பளம் வாங்கும் ஆலோசகர் என்பது, சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முன்பே தெரிந்திருந்தால் என் பிள்ளைகள் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். அந்த வாய்ப்பைப் பறித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஊட்டச்சத்துத் துறையில் ஹார்வர்டு கதை தெரியாமல் யாரும் பட்டம் வாங்கக் கூடாது. 1965-இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பான சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இதய நோய்க்குக் காரணம் சர்க்கரையா கொழுப்பா என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசி எழுத ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் பேசியது. எதை அலசுவது என்று கட்டுரைகளையும் அதுவே கொடுத்தது. எழுதியதை அச்சுக்கு முன்பே அந்த அமைப்பின் ஆள் படித்துப் பார்த்தார். 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த அவர்கள் கட்டுரை, பழியைக் கொழுப்பின் மேல் போட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்டது. கொடுமை என்னவென்றால், அதே கட்டுரையில் வேறு சில நிதிகளைக் குறிப்பிட்டிருந்தார்கள். இந்தப் பணத்தை மட்டும் காணோம்.

நூலகங்களில் கிடந்த பழைய கடிதங்களிலிருந்து கிரிஸ்டின் கேர்ன்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இதை வெளியே கொண்டுவந்தது 2016-இல். கட்டுரையை எழுதியவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான், சதியில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். அந்த இதழ் நிதித் தொடர்பைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததே 1984-இல்தான். வழக்கமே தப்பு என்றுதானே விதி வந்தது?

இன்று விதி இருக்கிறது. ஆனால் காசு யாருடையது என்று சொல்லும் வரி கட்டுரையின் வாலில், பொடி எழுத்தில் கிடக்கிறது. மேடையில் பல நேரம் அதுகூட இல்லை. யார் கொடுத்தார்கள், எவ்வளவு, எதற்கு என்று முதல் ஸ்லைடிலேயே போட்டுவிட்டு அப்புறம் பேசட்டும். அரை நிமிஷம்கூட ஆகாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஒரு மாநாட்டுக்குப் போன ரயில் டிக்கெட்டும் இரண்டு நாள் அறை வாடகையும் ஓர் எண்ணெய் கம்பெனி கொடுத்தது. திரும்பி வந்து சமையல் எண்ணெய் பற்றி வகுப்பெடுத்தபோது அதை நான் சொல்லவில்லை. இந்த செமஸ்டரில் அந்தப் பாடம் வரும்போது, கரும்பலகையில் முதலில் அதைத்தான் எழுதப்போகிறேன்.