குதிரைக்கு ஓய்வு உண்டு

(பிரான்சின் ஆர்தென் வட்டாரம், லோனுவா-சுர்-வான்ஸ் கிராமம். 17ஆம் நூற்றாண்டின் அஞ்சல் குதிரை நிலையம். சுற்றிக்காட்டும் மூதாட்டியும், வேன் ஓட்டிப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவரும்.)

மூதாட்டி: இதுதான் லாயம், தம்பி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மார்செய் போகும் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது.

ஓட்டுநர்: அவ்வளவு தூரமும் ஒரே குதிரையா அம்மா?

மூதாட்டி: நல்ல கதை! ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஓடினால் போதும். அடுத்த நிலையத்தில் அவிழ்த்துவிட்டு வேறு குதிரை பூட்டுவார்கள். ஓடி வந்ததற்குத் தீனி, தண்ணீர், ஓய்வு.

ஓட்டுநர்: 16 கிலோமீட்டருக்கே ஓய்வா! நான் ரொட்டியை ஸ்டியரிங் மேல் வைத்துத் தின்கிறேன்.

மூதாட்டி: குதிரை நிலைய அதிகாரியின் சொந்தப் பணத்தில் வாங்கியது. செத்தால் அவருக்கல்லவா நட்டம்?

ஓட்டுநர்: அப்படிச் சொல்லுங்கள். என்னை யாரும் பணம் கொடுத்து வாங்கவில்லை.

மூதாட்டி: குதிரையோட்டியும் உங்கள் சாதிதான். இடப்பக்கக் குதிரை மேல் உட்கார்ந்து ஓட்டுவார். கால் நசுங்காமலிருக்கக் கெட்டித் தோலில் பல கிலோ எடையுள்ள காலணி. இறங்கினால் நடக்க முடியாது. அடுத்த நிலையம் சேர்ந்ததும், களைத்த குதிரைகளை வந்த வழியே திருப்பிக் கொண்டுவருவதும் அவர் வேலைதான்.

ஓட்டுநர்: பையைக் கொடுத்துவிட்டுத்தானே திரும்பினார்? நான் பாதிப் பார்சலோடு திரும்புகிறேன். மணி அடித்தால் எந்த வீட்டில் ஆள் இருக்கிறது?

மூதாட்டி: குதிரை கிடைக்காமல் அரசரே மாட்டிக்கொண்டிருக்கிறார், தெரியுமா? 1791 ஜூனில், புரட்சி நடந்தபோது, பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பி ஓடினார். சாந்த்-மெனு நிலையத்தில் குதிரை மாற்றினார்கள். அங்கே நிலைய அதிகாரி த்ரூவே. வண்டிக்குள் இருப்பது யாரென்று கண்டுகொண்டார்.

ஓட்டுநர்: உடனே பிடித்துவிட்டாரா?

மூதாட்டி: இல்லை. வண்டி கிளம்பிப் போன பிறகுதான் துரத்தினார். வண்டி போய்ச் சேர்ந்த ஊர் வாரென். அங்கே அஞ்சல் நிலையமே கிடையாது. ஏற்பாடு செய்த மாற்றுக் குதிரைகளைத் தேடிக்கொண்டு அரசர் நடுத்தெருவில் நிற்க, த்ரூவே முந்திப் போய்ப் பாலத்தை அடைத்துவிட்டார்.

ஓட்டுநர்: தன் குதிரையையே பூட்டி அனுப்பிவிட்டு, தானே பின்னால் போய்ப் பிடித்தாரா? எங்கள் மேலாளரும் இப்படித்தான்.

மூதாட்டி: ரயில் வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. 1873இல் அரசே நிலையங்களை ஒழித்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தக் காலத்தில் தபால் வந்து சேர்ந்தது! எனக்கு ஒரு பார்சல் வரவேண்டும். கதவில் ‘ஆள் இல்லை’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. இந்த வாரம் அந்தச் சீட்டுகூட இல்லை.

ஓட்டுநர்: நீங்கள் நாள் முழுவதும் இங்கேதான் இருப்பீர்களோ?

மூதாட்டி: ஆமாம். வேறெங்கே போவேன்?

ஓட்டுநர்: தேவாலயத்தின் பின்தெரு, பச்சைக் கதவு?

மூதாட்டி: ஆமாம்! அந்த ஆள் எங்கே தொலைந்தான் தம்பி?

ஓட்டுநர்: விடுமுறையில் இருக்கிறான் அம்மா. குதிரை லாயம் பார்க்க வந்திருக்கிறான்.