டெங்கு தீவிரமாவதற்குத் துத்தநாகக் குறைவுதான் காரணமா?

“டெங்கு முற்றியவர்களின் ரத்தத்தில் துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் குறைவு; அதனால் மாத்திரை போட்டுக்கொண்டால் நோய் முற்றாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி பல ஆய்வுகளில் வந்ததுதான். “அதனால்” என்ற இடத்தில்தான் தடம் புரள்கிறது.

எந்தக் கடுமையான தொற்றிலும் அழற்சி தொடங்கியதும் கல்லீரல் ரத்தத்திலிருந்து துத்தநாகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதத்தின் உற்பத்தியும் குறையும். இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் மட்டும் எகிறும். அதைப் பார்த்து ‘உடம்பில் இரும்பு அதிகம்’ என்று யாராவது அடுத்துக் கிளப்பாமல் இருக்க வேண்டும். காய்ச்சலின் நடுவே எடுத்த அளவு, நோய் செய்த வேலையையும் சேர்த்தே காட்டுகிறது. காய்ச்சலுக்கு முன்பே குறைவு இருந்ததா என்பதை அந்த ஒரு சோதனை சொல்லாது.

இன்னொன்று, ‘எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத்தான் முற்றும்’ என்பதும் பாதிதான். டெங்கு வைரஸில் 4 வகைகள். இரண்டாவது முறை வேறு வகை தொற்றும்போது, முதல் தொற்றில் உருவான பழைய எதிர்ப்பணுக்களே (ஆன்டிபாடி) வைரஸ் செல்லுக்குள் நுழைய வழிவிடலாம். வைரஸ் வெளியிடும் என்எஸ்1 புரதம், ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள், மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள், செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் சைட்டோகைன்கள் எல்லாம் சேர்ந்து ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கின்றன. இங்கே பிறவி எதிர்ப்பாற்றலின் (பிறப்பிலேயே உடம்பில் இருக்கும் முதல்கட்டப் பாதுகாப்பின்) மிகை வேகமும் சிக்கலின் ஒரு பங்கு.

குறைபாடு உறுதியானவர்கள் மருத்துவர் சொன்னபடி மாத்திரை எடுக்கட்டும், தவறில்லை. ஆனால் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் கசிவு தொடங்குகிறது: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி வந்தால் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.