வெயில் மறைப்பை மழைக்கூரை என்று விற்றவர்களுக்கு

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, கீழ்வேளூருக்கு அருகே திருவாரூர்–நாகப்பட்டினம் சாலையோரத்தில் நின்றிருந்த எங்கள் சிற்றுண்டி வேனின் பக்கவாட்டில் விரிந்திருந்த மோட்டார் ஆனிங்கின் (பொத்தானை அழுத்தினால் விரிந்து சுருளும் மறைப்பின்) துணி, மழைநீரைத் தேக்கிக்கொண்டு பால் கட்டிய மடியைப் போலத் தொங்கியது. அதன் அடியில் ஆறு பேர் தட்டை ஏந்தி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கைக்குழந்தையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பெண். நான் சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் முனகியது, துணியைச் சுருட்டும் உருளை கால் சுற்றுச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தியபோது ஃபியூஸ் போனது. எல்லோரையும் சாலைப்பக்கம் ஓடிவரச் சொல்லி நான் கத்திய சில நிமிடங்களுக்குள் ஆனிங்கைத் தாங்கும் வலப்பக்கத்துக் கை மடங்கி, அத்தனை தண்ணீரும் தோசைக்கல் இருந்த மேடையின் மீது கொட்டியது. அந்த மேடைக்கு முன்னால்தான் அந்தப் பெண் குழந்தையோடு நின்றிருந்தார். யாருக்கும் அடிபடவில்லை என்பதற்காக இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இந்த ஆனிங்கை வாங்கும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "வெயிலுக்கும் மழைக்கும் ஒரே பொத்தான் போதும் சார்." வெயிலுக்குப் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நிழலில் நின்று மோர் குடித்தவர்கள் எங்களை வாழ்த்தியிருக்கிறார்கள். ஆனால் மழைக்கும் என்று சொன்னது பொய். வெளிநாடுகளில் மக்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வண்டிகளுக்காக உருவான சாதனம் இது. அங்கே அது முதன்மையாக வெயில் மறைப்பாகவே பயன்படுகிறது, காற்றோ பெருமழையோ வந்தால் உடனே சுருட்டிவிடுகிறார்கள். இதே எச்சரிக்கை எங்களுக்குத் தந்த கையேட்டிலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. கை மடங்கிய பிறகு உத்தரவாதம் கேட்டுப் போன் செய்தபோது, அந்தப் பக்கத்தைத்தான் எங்களுக்கே வாசித்துக் காட்டினார்கள். விற்கும்போது வாசித்துக் காட்டியிருக்க வேண்டிய பக்கம் அல்லவா அது?

கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. எங்கள் ஆனிங் நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். ஆக மொத்தம் பத்துச் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு கிலோ. எனவே இருபது மில்லிமீட்டர் பெய்தால் அந்தத் துணியின் மீது இருநூறு லிட்டர் விழுகிறது. டெல்டாவில் ஒரு நல்ல ஐப்பசி மழைக்கு இருபது மில்லிமீட்டர் என்பது ஒரு பொருட்டே அல்ல. சரிவு போதுமானதாக இருந்தால் அந்தத் தண்ணீர் விழ விழ வழிந்து ஓடிவிடும். ஆனால் பொருத்த வந்தவர்கள், வாடிக்கையாளர்களின் தலையில் இடிக்கக் கூடாது, பார்வைக்கும் அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கிட்டத்தட்ட மட்டமாகவே பொருத்திவிட்டுப் போனார்கள். இந்த வகை ஆனிங்கில் துணியைச் சுருட்டும் உருளை வெளிவிளிம்பில் இருக்கிறது. இரண்டு முனைகளிலும் இரண்டு கைகள் மட்டுமே அதைத் தாங்குகின்றன. நடுவில் தாங்கல் எதுவும் கிடையாது. முதலில் உருளைக்குச் சற்று உள்ளே ஒரு சிறு குழி விழுகிறது. அந்தக் குழிக்குள் தேங்கிய நீரின் எடை துணியை இழுத்துக் குழியைப் பெரிதாக்குகிறது. பெரிதான குழி மேலும் நீரைப் பிடிக்கிறது. ஒரு மூலையைக் கையால் தாழ்த்தி, நீரை ஒரு பக்கமாக வழியவிடும் வசதி சில மாதிரிகளில் உண்டு. எடை கூடினால் கை தானாகச் சற்று இறங்கி நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் எழும் மாதிரிகளும் இருக்கின்றன. இப்படியெல்லாம் இருக்கிறது என்பதே எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. முன்பே யாராவது சொல்லியிருந்தால், கூடுதலாகப் பணம் கொடுத்தாவது அதை வாங்கியிருப்போம்.

மழையையாவது ஒரு கழியை வைத்துத் துணியை உள்ளிருந்து மேலே தள்ளிச் சமாளிக்கலாம். அந்த மாதம் முழுவதும் என் மனைவி ஒரு கையில் கரண்டியும் மறுகையில் துடைப்பக் கட்டையுமாகத்தான் நின்றாள். காற்றை எதைக் கொண்டு தள்ளுவது? கடலோரத்துக்காரர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் ஊர் இது. கீழ்வேளூரிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் பெரும்பாலும் வயல்தான். காற்றைத் தடுத்து நிறுத்த ஒரு மேடு கிடையாது. மழை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அந்தக் காற்று வந்துவிடும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை நேராக அழுத்தும் விசை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ எடைக்குச் சமம். பத்துச் சதுர மீட்டர் துணி முழுவதும் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்தால் அது நூறு கிலோவைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. இடியோடு கூடிய மழைக்கு முன்னறிவிப்புச் செய்யும்போது 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்று வானொலியில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அது எங்களுக்கு அன்றாடச் செய்தி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜாவைப் போன்ற புயலைத் தாங்க வேண்டும் என்று நான் எந்தத் துணியிடமும் எதிர்பார்க்கவில்லை. அதில் தென்னந்தோப்புகளே சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். நான் பேசுவது புயலைப் பற்றி அல்ல. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலைக் காற்றைப் பற்றி.

இதற்கு மேல் எரிச்சலூட்டுவது அந்த "காற்று சென்சார்." முன்பக்கக் குழாய் அதிர்ந்தால் ஆனிங் தானாக மூடிக்கொள்ளும் என்று சொல்லி அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். அதிர்ந்த பிறகுதானே அது மூடத் தொடங்குகிறது? முழுவதும் சுருண்டு முடிய எங்களுடையதற்கு அரை நிமிடத்துக்கு மேலாகிறது. முதல் வீச்சில் தூக்கிவிடும் காற்று அதுவரை காத்திருக்குமா? அதோடு, குழி நிறையத் தண்ணீர் தேங்கியிருக்கும்போது காற்று அடித்தால், அந்தச் சென்சார் எடையைப் பற்றிக் கவலையே இல்லாமல் மூடச் சொல்லி ஆணையிடுகிறது. மோட்டார் இழுக்க முடியாமல் திணறுகிறது. மன்னார்குடியில் இளநீர்க்கடை வைத்திருக்கும் என் நண்பரின் வண்டியிலோ, பக்கத்தில் ஒரு பேருந்து வேகமாகக் கடந்தாலே ஆனிங் மூடிக்கொள்கிறது. அவர் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டார்.

சரி, வானம் கறுக்கும்போதே மூடிவிடலாம் என்றால், மூடிய பிறகு வாடிக்கையாளர்கள் எங்கே நிற்பது? மழைக்கு ஒதுங்க இடம் இல்லாத வேனில் மழைநாளில் யார் சாப்பிட வருவார்கள்? ஈரத்தோடு சுருட்டினால் இரண்டு மூன்று நாளில் துணியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்து, விரிக்கும்போதெல்லாம் நாற்றம் அடிக்கிறது. உணவு விற்கும் இடத்தில் அந்த நாற்றத்தை எப்படி ஏற்பது? காயவைக்க வேண்டுமானால் வெயில் வேண்டும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் சூரியனைப் பார்க்க முடியாத ஊரில், ஈரமான துணியை விரித்துக் காயவையுங்கள் என்று கையேடு அறிவுரை சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னைக் கொதிக்க வைப்பது, மோட்டார் நின்றுபோனால் கையால் சுற்ற ஒரு பிடி இல்லாததுதான். 12 வோல்ட் பேட்டரியில் விளக்கும் ஃபேனும் சேர்ந்து ஓடும் வண்டியில், பேட்டரி இறங்கும் நேரம் மழை நேரமாகத்தான் இருக்கும். ஒரு கிராமத்துச் சைக்கிள் கடையில் செய்து கொடுக்கக்கூடிய ஓர் இரும்புக் கைப்பிடியை வைக்க இந்த விலையில் இடமில்லையா? அன்று மாலை அப்படி ஒரு பிடி மட்டும் இருந்திருந்தால், குழியில் தேங்கிய தண்ணீரைக் கழியால் தள்ளிவிட்டுச் சுற்றி மூடியிருப்பேன்.

கை மடங்கிய மறுநாள், எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாகக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தல் போடும் பெரியவர் வந்து பார்த்தார். துணியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு முடிவு பண்ணாம எவன்டா இத மாட்டுனான்?" என்று கேட்டார். கீற்றுப் பந்தலானாலும் தார்ப்பாய்ப் பந்தலானாலும் அவர் முதலில் தீர்மானிப்பது தண்ணீர் விழும் பக்கத்தைத்தான். பிறகுதான் மூங்கிலை நடுகிறார். நான்கு மூங்கில், ஒரு தார்ப்பாய், வேனின் கூரையிலிருந்து இரண்டு முழம் சரிவு, காற்றுப் பக்கத்தில் முளையடித்து இழுத்துக் கட்டிய இரண்டு கயிறு. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்தக் கார்த்திகை முழுவதும் எங்கள் வாடிக்கையாளர்கள் அதன் அடியில்தான் நனையாமல் சாப்பிட்டார்கள். காற்று மிகும்போது இரண்டு முடிச்சை அவிழ்த்தால் தார்ப்பாய் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குப் பேட்டரி வேண்டியதில்லை.

போன வாரம் விற்பனையாளரே மீண்டும் அழைத்தார். மழைக்கும் காற்றுக்கும் ஏற்ற "ஹெவி டியூட்டி" மாதிரி வந்திருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். நான் அவரிடம் மூன்றே கேள்விகள் கேட்டேன்: எத்தனை கிலோமீட்டர் வேகக் காற்று வரை அதை விரித்து வைக்கலாம்? தண்ணீர் தேங்காமல் வழிய எவ்வளவு சரிவில் பொருத்துவீர்கள்? மின்சாரம் இல்லாதபோது அதை எப்படி மூடுவது? கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். இன்றோடு ஒன்பது நாளாகிறது.