டார்வினுக்குத் தெரியாததை எங்கள் பிள்ளைகளுக்கும் மறைக்கிறோம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்த பிள்ளையை ஊர் அன்றைக்கே வைத்தியராக்கிவிடும். பெறுபேறு வந்தால் யாருக்கு மருத்துவபீடம், யாருக்கு மயிரிழையில் தவறியது என்ற கதைதான் சந்தையிலும் கோயில் வீதியிலும். அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக என்ன விளங்கிக்கொண்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அதனால் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெறாமகள் பதின்மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்குப் போகும் விதத்தைப் படிக்கும் பிறப்புரிமையியல் கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு இயல்புகள் பேரப்பிள்ளைத் தலைமுறையில் எந்த விகிதத்தில் வரும் என்று கட்டம் கீறி 9:3:3:1 என்று விடை எழுத அவளுக்கு இரண்டு நிமிடம் போதும். முட்டையையும் விந்தையும் ஆக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவின் அவத்தைகளை (படிநிலைகளை) ஒன்று விடாமல் ஒப்புவிப்பாள். “இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டேன். “அது இரண்டாம் அலகு, சித்தப்பா. இது ஆறாம் அலகு” என்றாள். கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்த கதை, என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “அது மூன்றாம் அலகு. சேர் ஒரே நாளில் முடித்துவிட்டார். பரீட்சைக்கு எழுதுங்கள், நம்ப வேண்டும் என்றில்லை என்று சொன்னார்” என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆசிரியரைக்கூட ஓரளவுக்கு மேல் குறை சொல்ல மாட்டேன். பாடத்திட்டமே அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கிறது. கலப்பிரிவு இரண்டாம் அலகில், கூர்ப்பு மூன்றாம் அலகில். அதன்பின் தாவரம் ஒரு மலை, விலங்கு ஒரு மலை. இரண்டையும் ஏறி இறங்கிய பிறகுதான் ஆறாம் அலகில் பிறப்புரிமையியல். தனியார் கல்வி நிலையத்தில் இந்த அலகுகளை வெவ்வேறு ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. ஒரே கதையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு வாயால் கேட்கும் பிள்ளை அதை எப்படி ஒன்றாக்கும்?

இந்த ஒழுங்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயற்கைத் தேர்வைப் பற்றி டார்வின் தன் நூலை வெளியிட்ட 1859இல், இயல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பது அவருக்குத் தெரியாது. தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் பிள்ளையில் கலந்துவிடுகின்றன என்பதுதான் அக்காலத்துப் பொதுவான எண்ணம். 1867இல் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் இந்த இடத்தில்தான் பிடித்தார். கலப்பதுதான் வழி என்றால், ஒரு விலங்கில் புதிதாகத் தோன்றும் நல்ல இயல்பு அடுத்த தலைமுறையில் பாதியாகும், அதற்கடுத்ததில் காலாகும், பிறகு கரைந்தே போய்விடும். இயற்கை தேர்ந்தெடுக்க என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி. டார்வினிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை.

பதில் அதற்கு முன்னரே அச்சில் இருந்தது. பிரனோ நகரத்து மடத்தில் மென்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்து, 1866இல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. சுருக்கம் தொலைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தத் தலைமுறையைத் தன்னுள்ளேயே மகரந்தச்சேர்க்கை செய்யவிட்டு விதைகளை எண்ணினார்: உருண்டை 5474, சுருங்கியவை 1850. எங்கள் பிள்ளைகள் இந்த எண்களைப் பார்த்தவுடன் 3:1 என்று கோடு போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த 1850தான் முக்கியம். அவை பாதி சுருங்கியவை அல்ல, கால்வாசி சுருங்கியவையும் அல்ல. பாட்டன் விதை எப்படிச் சுருங்கியிருந்ததோ அப்படியே சுருங்கியிருந்தன. ஒரு தலைமுறை மறைந்து கிடந்தும் அந்த இயல்பு துளியும் கரையவில்லை. ஜென்கினுக்குக் கொடுக்க வேண்டிய பதில் அதுதான். டார்வின் அதை அறியாமலே 1882இல் இறந்தார். உலகம் மென்டலைக் கண்டுகொண்டது 1900இல்.

ஆக, பிறப்புரிமையியலை ஒளித்துவைத்துவிட்டுக் கூர்ப்பைப் படிப்பிக்கும்போது பிள்ளையை நாங்கள் 1859இல் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த நிலையில் அது வெறும் கதையாகத்தான் கேட்கும். கதை என்றால் நம்பலாம், நம்பாமலும் விடலாம். “நம்ப வேண்டும் என்றில்லை” என்ற வாசகம் அந்த வகுப்பறைக்குள் அவ்வளவு இலகுவாக நுழைவது இதனால்தான். ஒடுக்கற்பிரிவும் எதிருருக்களும் (ஒரே இயல்புக்கான பரம்பரை அலகின் வெவ்வேறு வடிவங்கள்) கையில் இருந்தால் கூர்ப்பு நம்பிக்கை விடயம் அல்ல, கணக்கு. 9:3:3:1ஐ நம்புகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லையே.

சரி, ஒடுக்கற்பிரிவுக்கு வருகிறேன். முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை, பிறகு எல்லாம் இரண்டாம் தரம். மனனம் செய்யாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் உயிர் இருக்கும் இடம் ஒன்றுதான்: தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் (பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) சோடியாகி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு எது எந்தப் பக்கம் போவது என்பதில் ஒன்றையொன்று பாராமல் பிரிகின்ற இடம். மனிதரில் 23 சோடி. ஒருவர் ஆக்கக்கூடிய புணரி (முட்டை அல்லது விந்து) வகைகள், பிரிவதை மட்டும் கணக்கில் எடுத்தாலே, 83 இலட்சத்துக்கு மேல். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் எண்ணி முடியாது. மென்டல் எண்ணிய விகிதம் முழுவதும் இந்தப் பிரிவின் நிழல். இயற்கை தேர்ந்தெடுக்கும் வேறுபாடுகள் இங்கேதான் குலுக்கப்படுகின்றன. புதிய எதிருருக்களோ விகாரத்தால், அதாவது பரம்பரைப் பொருளில் நேரும் திடீர் மாற்றத்தால், வருகின்றன. இரண்டாம், மூன்றாம், ஆறாம் அலகு மூன்றும் சந்திக்கும் இடம் இது. இந்த ஒரு படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. பெண்ணின் சூல்முட்டைக்கான ஒடுக்கற்பிரிவு அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி முதலாம் முன்னவத்தையில் நின்றுவிடுகிறது. மீதி நடப்பது பல வருடங்களுக்குப் பிறகு, முட்டை வெளிவரும் வேளையிலும் விந்து சேரும்போதும். என் அம்மம்மா என் அம்மாவைச் சுமந்தபோது, பின்னாளில் நானாகப்போகும் முட்டைக் கலமும் அந்த வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. முப்பத்தைந்து வயதில் கருவுறும் பெண்ணின் முட்டை அத்தனை வருடமும் அந்த நிலையில் காத்திருந்தது. 21ஆம் நிறமூர்த்தம் சரியாகப் பிரியாமல் டவுன் சிண்ட்ரோம் உண்டாகும் வாய்ப்பு தாயின் வயதோடு கூடுவதற்கு இந்தக் காத்திருப்பு ஒரு முக்கிய காரணம். பிறந்தது பெண் பிள்ளை என்று மருமகளைத் திட்டும் மாமியார்கள் இன்னும் இருக்கும் ஊரில், எக்ஸ் அல்லது வை நிறமூர்த்தத்தைக் கொண்டுவருவது மகனின் விந்து என்பதையும் இதே பாடத்தில்தான் சொல்ல வேண்டும். படித்த வீடுகளிலும் நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஒடுக்கற்பிரிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. நீர்வேலி, கோப்பாய் வாழைத் தோட்டங்கள் பக்கம் ஒரு நடை போனால் போதும். இதரை, கதலி, மொந்தன் மூன்றும் மும்மடிய வாழைகள்: பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி, மொத்தம் 33 நிறமூர்த்தங்கள். மூன்றைச் சோடி சேர்க்க முடியாது. ஒடுக்கற்பிரிவு குழம்பிப் போகிறது, விதை உண்டாவதில்லை. ஒரு கதலிப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கடுகிலும் சிறிய கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். விதையாக வளராமல் போன சூல்வித்துகள் அவை. அதனால்தான் தோட்டக்காரர் குட்டி பெயர்த்து நடுகிறார். குட்டி வருவது நிறமூர்த்தங்களை அப்படியே பிரதியெடுக்கும் இழையுருப்பிரிவால். தாய் மரத்தில் இருந்தது அப்படியே குட்டியிலும் இருக்கும். இடையில் விகாரம் ஏதும் நேர்ந்தால் தவிர, ஒரு தோட்டத்துக் கதலி முழுவதும் பிறப்புரிமை ரீதியில் ஒரே மரம்தான்.

தோட்டக்காரருக்கு அது வசதி. குலை எப்படி வரும், பழம் எப்படி இனிக்கும் என்று முன்கூட்டியே தெரியும். நோய்க்கும் அதே வசதி இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷேல் வாழையைப் பனாமா வாடல் பூஞ்சை அப்படித்தான் தோட்டம் தோட்டமாகத் தின்றது. ஒரு மரத்தைப் பிடிக்கத் தெரிந்தால் எல்லா மரத்தையும் பிடிக்கலாம். தப்பிப் பிழைத்து விதை போட ஒரு மரமும் வேறுபட்டு நிற்கவில்லை. அதன் இடத்துக்கு வந்த கவெண்டிஷை இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை பிடிக்கிறது. எங்கள் இதரையும் வாடலுக்கு எளிதில் பலியாகும் இனம்தான், நட்டவர்களுக்குத் தெரியும். இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு இரண்டுக்குமான வேறுபாடுகளை அட்டவணையாக எழுதச் சொல்லும் வினா எத்தனையோ தடவை வந்துவிட்டது. அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டத்தை வைத்துப் படிப்பித்த ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள், போய்க் கைகொடுக்கிறேன்.

வேறுபாடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நுளம்பைப் பாருங்கள். 1963இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். டீடீடீ என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததன் வெற்றி. வென்றுவிட்டோம் என்று கை ஓய்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. திரும்பவும் தெளித்தார்கள்; டீடீடீ முன்போல் வேலை செய்யவில்லை. 1970களின் பிற்பகுதியில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. “நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று சொல்கிறோம். எந்த நுளம்பும் பழகவில்லை. மருந்தைத் தாங்கும் எதிருரு எங்கோ சில நுளம்புகளில் இருந்தது. மற்றவை செத்தன, தாங்கியவை முட்டையிட்டன. மூன்றாம் அலகு அவ்வளவுதான்.

அதைவிடக் கிட்டவே ஒன்று இருக்கிறது. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று சுவரொட்டியெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளர்கள் குடாநாட்டின் உவர்நீரிலும் அதன் குடம்பிகளைக் கண்டெடுத்தார்கள். குருநகர் உவர்நீரில் வளர்ந்தவற்றையும் திருநெல்வேலி நன்னீரில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. உவர்நீரிலிருந்து வந்தவை உப்பைக் கூடுதலாகத் தாங்கின. இதில் எவ்வளவு அந்தத் தண்ணீரில் வளர்ந்ததால் வந்தது, எவ்வளவு பரம்பரையாக வந்தது? எப்படிப் பிரித்தறிவது? தலைமுறை தலைமுறையாக நன்னீரில் வளர்த்துத் திரும்பச் சோதிக்கலாம் என்று ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தானாக யோசித்துச் சொன்னால், அவளுக்கு உயிரியல் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்வேன். சுவரொட்டி எழுதுபவர்களும் அந்த ஆய்வை ஒருதரம் பார்த்தால் நல்லது.

குரங்கிலிருந்தா வந்தோம் என்று கேட்டுக் கருத்திடக் காத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: இன்று மரத்தில் இருக்கும் குரங்கிலிருந்து யாரும் வரவில்லை, அவற்றுக்கும் எங்களுக்கும் பொதுவான மூதாதையர் இருந்தனர். சிம்பன்சிக்கு 48 நிறமூர்த்தங்கள், எங்களுக்கு 46. ஒரு சோடி எங்கே போனது? எங்கள் இரண்டாம் நிறமூர்த்தத்தின் இடைப்பகுதியில், வழக்கமாக நிறமூர்த்தங்களின் முனையில் மட்டும் இருக்கும் தொடர்கள் தலைக்குத் தலை ஒட்டிய நிலையில் கிடக்கின்றன. இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டி ஒன்றாகிய தழும்பு. 1991இல் கண்டறிந்தார்கள். உங்கள் கலங்களுக்குள் அது இருக்கிறது, நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

கடைசியாகக் கலியாணம். சாதகம் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பாருங்கள். கூடவே இருவரும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பீற்றா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான எதிருருவைக் காவும் ஒருவருக்கு வெளியில் எந்த வருத்தமும் தெரியாது. காவிகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தது. 1934-35 கொள்ளைநோயில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாட்டில் அது சிறிய பாதுகாப்பு அல்ல; இயற்கைத் தேர்வு அந்த எதிருருவை எங்களுக்குள் காப்பாற்றி வைத்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. மலேரியா போய்விட்டது, எதிருரு போகவில்லை. இரண்டு காவிகள் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சாளாக இருந்தால் இருவரும் ஒரே எதிருருவைக் காவும் சாத்தியம் இன்னும் கூடுதல். சொந்த மச்சான் மச்சாளின் மரபுப் பொருளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது.

இந்த நான்கில் ஒரு பங்கை எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்ளும் விதம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது” என்று உயிரியல் படித்த ஒருவர் என் முன்னால் சொன்னார். 3:1 என்று எத்தனையோ தடவை எழுதியவர்தான். கட்டத்தில் நான்கு பெட்டி இருப்பதால் நான்கு பிள்ளைகளைப் பங்கிட்டுவிட்டார். நாணயம் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே விழுகிறது. முட்டையும் விந்தும் முந்திய பிள்ளையைக் கேட்டுக்கொண்டு சேர்வதில்லை.

பாடத்திட்டத்தை மாற்றுவது கொழும்பில் இருப்பவர்களின் வேலை. அது நடக்கும்போது நடக்கட்டும். படிப்பிப்பவர்களிடம் நான் கேட்பது சிறியது. ஆறாம் அலகு தொடங்கும் நாளில் இரண்டாம், மூன்றாம் அலகுக் கொப்பிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒடுக்கற்பிரிவின் படத்தைக் கரும்பலகையில் கீறி, மென்டலின் 1850 விதைகளை அதற்குக் கீழே எழுதி, இதில் இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கேளுங்கள். இரண்டு பாடவேளைதான் போகும். புள்ளி குறையுமோ என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: விளங்கிய பிள்ளைக்கு அவத்தைகளின் ஒழுங்கு மறப்பதில்லை. என் பெறாமகளோடு கடந்த ஞாயிறு இதைச் செய்து பார்த்தேன். அவள் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை: இதரைக்கு விதையே இல்லை என்றால், வாடலைத் தாங்கும் இதரையை யார், எப்படி உருவாக்குவது? விவசாயத் திணைக்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ வாழை ஆய்வு செய்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள், அவளிடம் காட்டுகிறேன்.